குப்பிச் சீட்டுக்கு ஓர் உரை

பாயிரம்

கப்பலூர் என்றால் மதுரைக்காரர்களுக்கு நினைவுக்கு வருவது தியாகராஜர் ஆலையும் சிட்கோ தொழிற்பேட்டையும் சுங்கச்சாவடியும்தான். சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் இதே ஊரின் கூரியர் கிட்டங்கியிலிருந்து ஒரு தெர்மாகோல் பெட்டியை வாங்கி வந்தேன். மதுரையில் நான் வேலை பார்க்கும் கல்லூரி ஆய்வகத்துக்குச் சேர வேண்டிய பெட்டி. தகரக் கூரைக்குக் கீழே திங்கட்கிழமை வரை கிடந்தால் என்ன ஆகுமோ என்ற பயத்தில் நானே போய் எடுத்துவிட்டேன்.

பக்கத்து வீட்டு அண்ணன் திண்ணையில் இருந்தார். நூற்பாலையில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் முன்னாலேயே பெட்டியைப் பிரித்தேன். பாதி உருகிய ஐஸ் ஜெல் பொட்டலங்கள் நான்கு. நடுவே ஒரு ஜிப் பை. அதற்குள் சுண்டுவிரல் உயரம்கூட இல்லாத ஒரு குப்பி.

“உள்ள ஒண்ணுமே இல்லையே தம்பி?”

“அடியில வெள்ளையா ஒரு படலம் தெரியுது பாருங்கண்ணே. அதுதான் சரக்கு.”

“சீட்டுல என்ன போட்டிருக்கு? வாசிங்க கேப்போம்.”

வாசித்தேன். ஒவ்வொரு வரிக்கும் அவர் “அப்படின்னா?” என்றார். அந்த “அப்படின்னா”வுக்குச் சொன்ன பதில்தான் இந்த உரை. உரையாசிரியர் நச்சினார்க்கினியர் பிறந்த ஊர்க்காரர்கள் நாம். மூலத்தில் ஒரு சொல் நின்றால் அது ஏன் நிற்கிறது என்று கேட்பது இந்த மண்ணின் பழக்கம். செய்யுளுக்கு மட்டுமில்லாமல் ஒரு மருந்துச்சீட்டுக்கும், ஒரு புரதக் குப்பியின் சீட்டுக்கும் அந்தக் கேள்வி வேண்டும் என்பது என் துணிபு.

இவ்வகைக் குப்பிகளைப் பல நிறுவனங்கள் விற்கின்றன. அவற்றின் சீட்டுகளில் பொதுவாக வரும் வரிகளைத் திரட்டித் தமிழில் கீழே வைத்திருக்கிறேன். அதுவே இங்கு மூலம்.

மூலம்

மறுசேர்க்கை மனித எச்.எம்.எம்.ஆர். புரதம்.
வேறு பெயர்கள்: ரேம், சி.டி. 168.
ஆக்கிய உயிர்: ஈ.கோலை.
பகுதி: அமினோ அமிலம் 425 முதல் 724 வரை, முன்முனையில் ஆறு ஹிஸ்டிடின்.
தூய்மை: 90 விழுக்காட்டுக்கு மேல், எஸ்.டி.எஸ். பேஜ் முறையில்.
அளவு: 100 மைக்ரோகிராம், டிரெஹலோஸ் சேர்த்து உறையுலர்த்தியது.
திறக்கும் முன் சுழற்றுக. பிரித்து வைத்து உறைய வைக்க. மீண்டும் மீண்டும் உருக்க வேண்டாம்.
ஆய்வுக்கு மட்டும்.

1. ‘மறுசேர்க்கை மனித எச்.எம்.எம்.ஆர். புரதம்’

‘மனித’ என்றது, மனித உடலிலிருந்து எடுத்தது என்றவாறு அன்று; மனித மரபணுவின் வரிசைப்படி அமைந்தது என்றவாறு. இந்தப் புரதத்துக்கான மரபணு நம் ஐந்தாம் குரோமோசோமின் நீண்ட கையில் இருக்கிறது. அந்தச் செய்தியை நகலெடுத்து, பிளாஸ்மிட் என்னும் வட்ட டி.என்.ஏ.வில் தைத்து, வேறோர் உயிரின் செல்லுக்குள் நுழைக்கிறார்கள். அந்தச் செல் மனிதச் செய்தியைப் படித்து மனிதப் புரதத்தைச் செய்து தருகிறது. இரண்டு இடத்து டி.என்.ஏ.வை ஒன்றாகச் சேர்த்ததால் ‘மறுசேர்க்கை’.

1973இல் ஸ்டான்லி கோஹனும் ஹெர்பர்ட் போயரும் இந்த வழியைத் திறந்தார்கள். 1978இல் மனித இன்சுலின் பாக்டீரியாவில் உருவானது; 1982இல் மருந்தாகச் சந்தைக்கு வந்தது. சர்க்கரை நோயாளி உள்ள வீடுகளின் குளிர்சாதனப் பெட்டியில் இன்று இருக்கும் இன்சுலின் பெரும்பாலும் இவ்வழி வந்ததே. ஐதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் 1997இல் கொண்டுவந்த மஞ்சள்காமாலை பி தடுப்பூசியும் இதே வழியில் ஈஸ்ட்டுக்குள் செய்ததுதான். ஆகவே சொல் புதிதானாலும் பொருள் நம் வீட்டுக்குள் எப்போதோ வந்துவிட்டது.

2. ‘வேறு பெயர்கள்: ரேம், சி.டி. 168’

எச்.எம்.எம்.ஆர். என்ற எழுத்துகளை விரித்தால் ‘ஹையலூரோனான் வழி இயக்கத்துக்கான ஏற்பி’ என்று பொருள் வரும். ரேம் என்பதும் அதே சொற்களின் இன்னொரு சுருக்கம். ஏற்பி என்பது ஒரு பொருளைப் பற்றிக்கொண்டு அந்தச் செய்தியைச் செல்லுக்குச் சொல்லும் புரதம். இது பற்றிக்கொள்ளும் பொருள் ஹையலூரோனான்.

அந்தப் பொருளை 1934இல் நியூயார்க்கில் கார்ல் மேயரும் ஜான் பாமரும் மாட்டுக் கண்ணின் உள்ளே இருக்கும் கூழிலிருந்து பிரித்தார்கள். கண்ணாடியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்குப் பெயர் வந்தது. இரண்டு சர்க்கரை அலகுகள் மாறி மாறிக் கோத்த நீண்ட சங்கிலி அது. நீரை இழுத்து வைத்து வழுவழுப்பாகும். தோலிலும் மூட்டிலும் தொப்புள்கொடியிலும் அது உண்டு. கண்புரை அறுவையில் கருவிழியின் உட்படலம் காயப்படாமல் காக்க மருத்துவர்கள் கண்ணுக்குள் செலுத்தும் கூழ்களில் இதுவும் ஒன்று. 1976இல் 11 படுக்கைகளோடு டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய ஊர் மதுரை. கண்ணிலிருந்து கிடைத்த ஒரு பொருளைப் பற்றி இங்கே இருந்துகொண்டு பேசும்போது எனக்கு ஒரு சொந்தம் தோன்றுகிறது.

காயம் பட்ட இடத்தில் ஹையலூரோனான் பெருகும். ஆற்ற வேண்டிய செல்கள் அந்தக் கூழின் ஊடே நகர்ந்து வரும். அந்த நகர்வுக்குக் காரணமான புரதத்தைத் தேடிப் போனவர் கனடாவின் ஈவா டர்லி. அவருடைய குழு 1992இல் இதன் மரபணு நகலை எலிச் செல்களிலிருந்து பிடித்தது. பெயரும் நிலைத்தது.

பெயர் நிலைத்த பிறகு சிக்கல் தொடங்கியது. செல்லின் வெளிப்பரப்பில் நிற்கும் புரதங்களுக்கு வெளியே போக அனுமதிச்சீட்டு போல ஒரு தொடக்க வரிசையும், சவ்வில் ஊன்றிக்கொள்ள ஒரு பகுதியும் வேண்டும். ரேமுக்கு இரண்டும் இல்லை. அதனால் 1998 வாக்கில், இது உண்மையில் ஏற்பிதானா, செல்லுக்குள்ளேயே வாழும் புரதமா என்று ஆய்வாளர்கள் வெளிப்படையாகவே மோதிக்கொண்டார்கள். பின்வந்த ஆய்வுகள் இரண்டு வீட்டையும் காட்டின. பெரும்பகுதி செல்லுக்குள், நுண்குழல்கள் மேலும் சென்ட்ரோசோமிலும் இருக்கிறது. செல் பிரியும் நேரத்தில் குரோமோசோம்களைப் பங்கிடும் கதிர்கோலை ஒழுங்குபடுத்துகிறது. ஒரு பங்கு வேறு வழியில் வெளியேறி, சி.டி. 44 என்னும் மற்றோர் ஏற்பியோடு கூட்டுச் சேர்ந்து செல்லின் நகர்வுக்குத் துணை நிற்கிறது.

கதிர்கோல் என்றதும் அண்ணன் நிமிர்ந்தார். “கதிரா? எங்க மில்லுல இருக்கிற கதிரா?” ஆமாம், அதுதான். நடுவில் பருத்து இரு முனையிலும் கூர்ந்திருக்கும் அந்த உருவத்தை முதலில் பார்த்தவர்களுக்கு நூல் சுற்றிய கதிர்தான் நினைவுக்கு வந்தது. அவர் ஆயிரக்கணக்கான கதிர்களுக்கு நடுவே முப்பது வருடம் நடந்தவர். பிரியும் ஒவ்வொரு செல்லிலும் ஒரு கதிர் இருக்கிறது என்று கேட்டபோது அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை எந்தப் பாடநூல் படத்திலும் நான் பார்த்ததில்லை.

பல புற்றுநோய்களில் இந்தப் புரதம் அளவுக்கு மிஞ்சிப் பெருகுகிறது. மார்பகப் புற்றிலும் ரத்தப் புற்றிலும் அதைப் பற்றி நிறைய ஆய்வு உண்டு. நகரவும் பிரியவும் துணை செய்யும் ஒன்று கட்டுப்பாடு இழந்த செல்லுக்குக் கிடைத்தால் என்ன ஆகும் என்பதை ஊகிப்பது கடினமில்லை. ஒரு சீட்டின் இரண்டாம் வரி இத்தனையையும் சில சொற்களில் மூடி வைத்திருக்கிறது.

3. ‘ஆக்கிய உயிர்: ஈ.கோலை’

நம் குடலில் குடியிருக்கும் பாக்டீரியா இனம் இது. 1885இல் தியோடர் எஷ்ஷரிக் விவரித்தது. ஆய்வகத்தில் வளர்ப்பது மலிவு. நல்ல தீவனமும் 37 பாகை வெப்பமும் கொடுத்தால் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும்.

இந்தச் சொல்லுக்குள் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. ஒன்று, மனிதச் செல் தன் புரதத்தில் பின்னால் சேர்க்கும் சர்க்கரை, பாஸ்பேட் போன்ற அணிகளை ஈ.கோலை மனிதரைப் போலச் சேர்க்காது. எனவே குப்பியில் இருப்பது அணியில்லாத உடல். இரண்டு, ஈ.கோலையின் மேலுறையில் எண்டோடாக்சின் என்ற நச்சு உண்டு. அதன் மிச்சம் புரதத்தோடு ஒட்டி வந்தால், வெள்ளணுக்கள் அதைக் கண்டே கிளர்ந்து ஓடும். செல் நகர்வை அளக்கும் சோதனையில் இது பெரிய விபரீதம். ஓடியது ரேமால் என்று எழுதிவிடுவோம். ஓட்டியது நச்சாக இருக்கும். செல்களின் மேல் ஊற்றப் போகிறவர்கள் சீட்டில் எண்டோடாக்சின் அளவு போட்டிருக்கிறதா என்று தேட வேண்டும். போடவில்லை என்றால், அந்தச் சோதனைக்கு இந்தக் குப்பி இல்லை என்று கொள்க.

4. ‘பகுதி: 425 முதல் 724 வரை, முன்முனையில் ஆறு ஹிஸ்டிடின்’

இந்த உரை முழுவதும் இந்த ஒரு வரிக்காக எழுதியது என்றாலும் தகும்.

முழுப் புரதம் 724 அமினோ அமிலங்கள் நீளம். எடை சுமார் 84 கிலோடால்டன். அவ்வளவு நீளமான இழையை பாக்டீரியா ஒழுங்காகச் செய்து முடிப்பது அரிது. ஆகவே ஒரு துண்டை மட்டும் செய்து விற்கிறார்கள். எந்தத் துண்டு என்பதைத்தான் இந்த எண்கள் சொல்கின்றன. ஹையலூரோனானைப் பற்றும் இடம் புரதத்தின் பின்முனையில், கடைசி நூறு அமினோ அமிலங்களுக்குள் இருக்கிறது. அங்கே நேர்மின் கொண்ட இரண்டு அமினோ அமிலங்களுக்கு நடுவே ஏழு இடங்கள் விட்ட ஓர் அமைப்பு உண்டு. எதிர்மின் கொண்ட சர்க்கரைச் சங்கிலி அதில்தான் வந்து படிகிறது.

சில வருடங்களுக்கு முன் என்னிடம் ஆய்வு செய்த மாணவி ஒருவர் ஹையலூரோனான் பூசிய தட்டில் இந்தப் புரதம் ஒட்டுகிறதா என்று பார்த்தார். ஒட்டவில்லை. உப்பை மாற்றினார், பி.எச். மாற்றினார், இரவு முழுக்கக் குளிரில் வைத்துப் பார்த்தார். மூன்று வாரம் போயிற்று. தன் கைதான் சரியில்லை என்று அழுதுவிட்டார். அப்புறம்தான் குப்பியை எடுத்துச் சீட்டைப் பார்த்தேன். 1 முதல் 300 வரை என்று இருந்தது. பற்றும் கை இல்லாத முன்பாதியை வாங்கிக் கொடுத்துவிட்டு, அது பற்றவில்லை என்று அந்தப் பெண்ணை அலைக்கழித்திருக்கிறேன். வாங்கும் படிவத்தில் கையெழுத்துப் போட்டவன் நான். சீட்டு உண்மையைச் சொல்லியிருந்தது, படிக்காதது நான். அந்த மூன்று வாரத்தை அவருக்குத் திருப்பித் தர என்னால் முடியவில்லை. அதற்குப் பிறகு இந்த வரியைப் படிக்காமல் எந்தக் குப்பியையும் வாங்கியதில்லை.

இழையின் நடுப்பகுதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தப் புரதத்தின் பெரும்பகுதி, சுருள்கள் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும் அமைப்பு. அண்ணனுக்கு இதை விளக்கத் தடுமாறினேன். அவர் உள்ளே போய் ஒரு துண்டு நூல் கொண்டுவந்தார். “ஒத்த நூலை ஒரு பக்கம் முறுக்குவோம். ரெண்டைச் சேர்த்து டபுளிங் போடும்போது எதிர்ப்பக்கம் முறுக்கணும். அப்பத்தான் பிரியாது, சுருண்டுக்கவும் செய்யாது.” விரலால் நூலைப் பிரித்துக் காட்டினார். புரதத்திலும் அதேதான். தனிச்சுருள் வலப்பக்கம் முறுக்கியது. சேர்ந்த சுருள் இடப்பக்கம் முறுக்குகிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954, 1955 ஆண்டுகளில் கொலாஜன் புரதத்துக்குக் கண்டு சொன்ன முப்புரி அமைப்பில் திசைகள் மாறி நிற்கும்: தனி இழை இடம், சேர்ந்த இழை வலம். விதி ஒன்றே. எதிர்முறுக்கு, உறுதிக்கு. நூற்பாலைத் தொழிலாளியின் விரலுக்குத் தெரிந்த விதி செல்லுக்கும் தெரிந்திருக்கிறது.

‘ஆறு ஹிஸ்டிடின்’ என்பது மனிதப் புரதத்தில் இல்லாத ஒரு வால். ஹிஸ்டிடின் நிக்கலைப் பற்றும். பாக்டீரியாவை உடைத்த குழம்பை நிக்கல் பூசிய மணிகள் நிறைந்த குழாயில் விட்டால், வால் உள்ள புரதம் தங்கிவிடும், மற்றவை வடிந்துவிடும். பிறகு இமிடசோல் ஊற்றிக் கழற்றிக்கொள்ளலாம். வால் உதவியானது. ஆனாலும் அது நேர்மின் ஏற்கும் வால் என்பதால், எதிர்மின் சங்கிலியோடு செய்யும் சோதனையில் அதே வால் கொண்ட வேறொரு புரதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

5. ‘தூய்மை: 90 விழுக்காட்டுக்கு மேல், எஸ்.டி.எஸ். பேஜ் முறையில்’

எஸ்.டி.எஸ். என்பது சோப்பு வகை. புரதத்தை அவிழ்த்து நீட்டி, ஜெல் பலகைக்குள் மின்சாரம் கொடுத்து ஓடவிட்டால் சிறியது முன்னாலும் பெரியது பின்னாலும் நிற்கும். 1970இல் லாம்லி செம்மைப்படுத்திய முறை. இன்றும் எந்த உயிர்வேதியியல் ஆய்வகத்திலும் அன்றாடம் ஜெல் ஓட்டுகிறார்கள். ஓடிய பின் கூமாசி நீலம் என்ற சாயத்தில் ஊறவைப்பார்கள். கம்பளித் துணிக்காக வந்த சாயம் அது. சுங்குடி போடும் ஊரில் இதை விளக்குவது சுலபம்: சாயம் பிடித்த இடம் புரதம், பிடிக்காத இடம் வெறும் ஜெல். சரியான துண்டு இருந்தால் 36 கிலோடால்டன் அக்கம்பக்கத்தில் ஒரு தடித்த நீலக்கோடு நிற்க வேண்டும்.

‘90க்கு மேல்’ என்பதில் மிச்சப் பத்தும் அடக்கம். சோப்பில் அவிழ்த்துத்தான் பார்த்தார்கள் என்பதையும் கவனிக்க. எடை சரி என்று ஜெல் சொல்லும். மடிப்பு சரி என்று சொல்லாது. வேலை செய்யுமா என்பதை நாம்தான் பார்க்க வேண்டும்.

6. ‘அளவு: 100 மைக்ரோகிராம்; டிரெஹலோஸ் சேர்த்து உறையுலர்த்தியது’

ஓர் அரிசிமணியின் எடையில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அண்ணன் கண்ணுக்கு ஒன்றுமே தெரியாததில் வியப்பில்லை. உறைய வைத்து, வெற்றிடத்தில் பனியை நேரே ஆவியாக்கிக் காயவைத்த படலம் இது. டிரெஹலோஸ் ஒருவகைச் சர்க்கரை. வறட்சியைத் தாங்கி உயிர்க்கும் ஈஸ்ட்டும் சில தாவரங்களும் தம் புரதங்களைக் காக்க இதைத்தான் சேர்த்து வைக்கின்றன. நீர் போன இடத்தில் இது நின்று புரதத்தின் வடிவத்தைத் தாங்கும். சித்திரை வெயிலில் ஐஸ் பாதி உருகியும் நான் பதறாததற்குக் காரணம் இந்த வரி. திரவமாக வந்திருந்தால் பதறியிருப்பேன்.

7. ‘திறக்கும் முன் சுழற்றுக. பிரித்து வைத்து உறைய வைக்க’

வழிக்குலுக்கலில் படலம் மூடியில் ஒட்டியிருக்கலாம். சென்ட்ரிஃபியூஜில் அரை நிமிடம் ஸ்பின் கொடுத்தால் அடியில் இறங்கும். கொடுக்காமல் மூடியைத் திறந்தால் பல ஆயிரம் ரூபாய் சரக்கு மூடியோடு போய்விடும்.

200 மைக்ரோலிட்டரில் கரைத்தால் ஒரு மைக்ரோலிட்டருக்கு அரை மைக்ரோகிராம் கணக்கு வரும். அதைப் பத்துப் பத்தாக இருபது சிறு குழாய்களில் பிரித்து உறைய வைக்க வேண்டும். உருக்கும் ஒவ்வொரு முறையும் பனிப் படிகங்களின் ஓரத்தில் புரதம் அவிழ்ந்து திரளும்; ஐந்தாறு தடவைக்குப் பிறகு குழாயில் எழுதிய அளவு பொய்யாகிவிடும். 2012இல் தமிழகத்தில் நாளுக்குப் பல மணி நேரம் மின்வெட்டு இருந்ததே, அப்போது இந்த வரியின் அருமை எங்களுக்குத் தெரிந்தது. யாரும் தொடாமலே ஃப்ரீசருக்குள் எல்லாம் உருகி, மின்சாரம் வந்ததும் மறுபடி உறைந்தன. அந்த வருடத்துச் சில முடிவுகளை நாங்கள் எங்கும் எழுதவில்லை.

8. ‘ஆய்வுக்கு மட்டும்’

இதைக் கடைசியில் சிறு எழுத்தில் போடுகிறார்கள். உரைகாரன் இதைப் பெரிதாகச் சொல்லக் கடமைப்பட்டவன்.

ஹையலூரோனான் மூட்டிலும் இருக்கிறது என்று சொன்னபோதே அண்ணன் தன் முட்டியைத் தடவினார். முப்பது வருடம் நின்ற கால். “தம்பி, இந்த மருந்து முட்டிவலிக்குக் கேக்குமா?” ஹையலூரோனானை மூட்டில் ஊசியாகப் போடும் சிகிச்சை உண்டு, அது வேறு பொருள், மருத்துவர் முடிவு செய்வது. இது அந்தக் கூழைப் பற்றும் புரதத்தின் ஒரு துண்டு. மிச்சப் பத்து விழுக்காடு என்னவென்று முழுதும் தெரியாது. எண்டோடாக்சின் ரத்தத்தில் சேர்ந்தால் காய்ச்சலும் ஆபத்தும் வரும். மருந்துக்குரிய எந்தச் சோதனையையும் இந்தக் குப்பி கடக்கவில்லை. கடந்ததாக அது சொல்லவும் இல்லை. ‘மனித’ என்று தொடங்கும் சீட்டு, மனிதருக்கு இல்லை என்று முடிகிறது. முதல் சொல்லையும் கடைசி வரியையும் சேர்த்துப் படிப்பவரே இதைப் படித்தவர்.

வயலுக்கு வரம்பு போல, சீட்டின் ஒவ்வொரு சொல்லும் ஓர் எல்லை கட்டுகிறது: இந்த உயிரில் செய்தது, இந்தத் துண்டுதான், இவ்வளவு தூய்மைதான், இதற்கு மட்டும்தான். எல்லைக்குள் நின்று செய்த சோதனை உண்மை சொல்லும். நம் ஊர்க் கல்லூரிகளில் ஒரு குப்பி வாங்க ஒரு மாணவர் மாதக்கணக்கில் காத்திருக்கிறார். அந்தக் காத்திருப்புக்கு நாம் செய்யும் குறைந்தபட்ச மரியாதை, திறக்கும் முன் படிப்பது.

திங்கட்கிழமை காலை ஆய்வகத்தில் இப்போதைய மாணவனிடம் குப்பியைக் கொடுத்தேன். “சீட்டை வாசிச்சிட்டுத் திற” என்றேன். நோட்டை விரித்து, பிப்பெட்டைத் தொடும் முன், 425 முதல் 724 வரை என்று முதல் வரியில் எழுதினான். பிறகு சென்ட்ரிஃபியூஜ் மூடியை மூடினான்.